அரிசிக் கூன்வண்டு

அரிசியைச் சுளகிலிட்டுப் புடைக்கும்போது ஊர்ந்தோடும் சிற்றுயிரை நாம் வண்டு என்று சொல்லித் தள்ளிவிடுகிறோம். அதனை ஒருமுறை உருப்பெருக்காடியின்கீழ் வைத்து நோக்கினேன், வியப்பு மேலிட்டது.

அதன் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே. தலை முன்னோக்கி நீண்டு மூக்குப்போல் அமைந்திருக்கிறது. கடிக்கும் வாய் அதன் நுனியிலே உள்ளது. உணர்கொம்புகள் முழங்கைபோல் மடிந்தவை. கரும்பழுப்பான முன்சிறகுகளில் மங்கிய செம்புள்ளிகள் நான்கு விளங்குகின்றன. அச்சிறகுகள் கெட்டியான உறைபோல் உடலை மூடுவதால் இதனை வண்டினத்திலும், மூக்கு நீண்டிருப்பதால் கூன்வண்டுக் குடும்பத்திலும் அறிஞர் சேர்த்தனர். சுவீடன் நாட்டு லின்னேயசு 1763-இல் இதனை விவரித்துப் பெயரிட்டார். இன்று வழங்கும் 'சைட்டோபிலசு' என்னும் பேரினப்பெயருக்குத் தானியத்தை விரும்புவது என்பது பொருள். இதன் நெருங்கிய உறவான களஞ்சியக் கூன்வண்டு பறக்க இயலாதது. இதுவோ பறக்க வல்லது. ஆதலால் களஞ்சியத்தினின்று வயலுக்கும் செல்லும்.

பெண்வண்டு தானியமணியைத் துளைத்து, முட்டையொன்றை இட்டு, பசை போன்ற பொருளால் துளையை அடைத்துவிடுகிறது. காலற்ற புழு உள்ளிருந்தே தின்று வளர்கிறது. வெளியே மணி முழுமையாகத் தோன்றும், உள்ளேயோ வெறுமை! கண்ணுக்குத் தெரியும் வண்டுகளைப் பொறுக்கி எறிவதால் மட்டும் இக்கேடு நீங்காது என்பதை அன்று உணர்ந்தேன்.

மாணவர்களே, உழவரின் உழைப்பு ஒரு சிறு துளையின் வழியே அழிந்து போகலாம். தானியத்தை நன்கு உலர்த்தி, ஈரம் புகாத கலத்தில் சேமித்தல் நம் கடமையாகும். பகையை வெல்ல விரும்புவோர் முதலில் அதனை அறிதல் வேண்டும்.