பச்சையில் ஒளிந்த சிவப்பு

குற்றாலத்திலிருந்து கொணர்ந்த இலைகளை அரைத்து எரிசாராயத்தில் ஊறவைத்து வடிகட்டினோம். பச்சைச் சாற்றின்மீது பேராசிரியர் புற ஊதா விளக்கைக் காட்டினார். என்ன விந்தை! சாறு செந்நிறமாய் ஒளிர்ந்தது. 1852இல் ஸ்டோக்ஸ் இதற்கு ஃபுளோரசன்ஸ் என்று பெயரிட்டாராம். என் மனமோ தென்காசியிலுள்ள அத்தையிடம் ஓடியது.

விடியற்காலையில் அத்தை உளறுவார், வேர்த்து மயங்குவார். பேய் என்றார்கள், அருவியில் தலைமுழுகச் செய்தார்கள். சர்க்கரைத் தண்ணீர் குடித்தால்தான் தெளிவார். கணையத்தில் இன்சுலினை அளவின்றிச் சுரக்கும் இன்சுலினோமா என்ற கட்டியே காரணம் என்பது பிறகு தெரிந்தது. நரம்பணுவின் இயல்பும் சுரப்பியின் இயல்பும் ஒருங்கே கொண்ட அணுக்களில் தோன்றும் அரிய கட்டிகளுள் இதுவும் ஒன்று. பெரும்பாலும் 2 சென்டிமீட்டருக்கும் சிறியது.

வயிற்றைத் திறந்த பின்னும் அதைத் தேடத்தான் வேண்டும். இன்று சில அறுவை அரங்குகளில் இண்டோசயனின் கிரீன் என்னும் சாயத்தைச் சிரையில் செலுத்துகிறார்கள். இரத்தநாளங்கள் செறிந்த கட்டி, அகச்சிவப்புக் கேமராவில் சுற்றிலும் உள்ள திசுவைவிடப் பளிச்சென்று தெரியக்கூடும். ஆனால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்கு மேல் புதைந்திருந்தால் அவ்வொளி எட்டாது. அங்கே அல்ட்ராசவுண்டும் மருத்துவரின் விரல்நுனியுமே துணை. அத்தையின் கட்டியைக் கண்டதும் விரல்நுனிதான்.

இப்போது விடியலில் அத்தை கோலம் போடுகிறார். மாணவ நண்பர்களே, வெறும் வயிற்றில் மயங்கி, சர்க்கரையால் தெளிபவரைக் கண்டால், பூசாரியைத் தேடுமுன் இரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் விளக்கை நாமே ஏற்றலாம்.