எந்தக் கிளையை வெட்டுவது

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை 7 மணிக்கு நங்கநல்லூரில் ஒரு மொட்டைமாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். எல்லோரும் போன்சாய் வளர்ப்பவர்கள். ஒரு பல் மருத்துவர், ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர், என்னைப் போல ஐடிக்காரர்கள் இரண்டு பேர். தொட்டியை நடுவில் இருக்கும் மேசையில் வைத்துவிட்டு, கொண்டுவந்தவர் ஓரமாக நின்றுகொள்ள வேண்டும். மற்றவர்கள் சுற்றிவந்து பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். வெயில் ஏறுவதற்குள் காபி குடித்துவிட்டுக் கலைந்துவிடுவோம்.

நான் முதலில் கொண்டுபோனது ஓர் இத்தி. நர்சரியில் 300 ரூபாய்க்கு வாங்கியது. நான்கு வருடம் அதை மேசையில் வைத்தபோதெல்லாம் "சூப்பர் பாஸ்" என்றார்கள். நானும் நம்பினேன். ஐந்தாம் வருடம் ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தார். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் நின்றபடி பார்க்க, அவர் மட்டும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மரத்தின் அடியும் தன் கண்ணும் ஒரே மட்டத்தில் வரும்படி உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

தண்டில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே ஒரே புள்ளியிலிருந்து நான்கு கிளைகள் கிளம்பியிருந்தன. "அடிய விட இந்த இடம் பெருத்துடுச்சு பாருங்க."

போன்சாய் மரத்தின் அடி பருத்து, மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போக வேண்டும். ஓரடி உயரச் செடியை நம் கண் ஒரு கிழட்டு மரமாக நம்புவதற்கு அது முக்கியமான காரணம். நான்கு கிளைகள் ஒரே இடத்தில் வளர்ந்தால் அந்த இடம் வீங்கிவிடும். எலியை விழுங்கிய பாம்பு மாதிரி. முதல் வருடமே இரண்டு கிளைகளை எடுத்திருந்தால் ஒரு நிமிட வேலை. இப்போது வீக்கத்துக்குக் கீழே தண்டையே வெட்டி, அடியில் இருக்கும் ஒரு சிறு கிளையை நிமிர்த்திப் புதிய நுனியாக வளர்க்க வேண்டும். மூன்று வருடமாவது ஆகும்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவர் கொண்டுவந்த புளியமரத்தில் என்னென்ன குறை இருந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆபீஸில் தினமும் கோட் ரிவ்யூ நடக்கிறது. "இது ஏன் இங்க இருக்கு?" என்று யாராவது கேட்டால் எனக்கு இப்போதெல்லாம் கோபமே வருவதில்லை. கோடில் செய்த தப்பைப் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். மரத்தில் அது முடியாது. ஆனால் என்னைக் கடைசியில் சுட்டது அவர் சொன்னது இல்லை. மற்ற பத்துப் பேருக்கும் அது தெரிந்திருந்தது என்பதுதான். ஒருவர் பிறகு சொன்னார்: "தெரியும் பாஸ். நீங்க ஆசையா வச்சிருந்தீங்க. நாம எதுக்குன்னு விட்டுட்டேன்."

அவர்களுடைய நல்ல மனசுக்கு நான் கொடுத்த விலை நான்கு வருடம்.

மரத்தை வெட்டினேன். கூடவே, இனி உண்மையை மட்டுமே பேசுவது என்று முடிவும் எடுத்தேன். அடுத்த ஒரு வருடம் நான் வாய் திறக்காத மரமே அந்த மேசையில் கிடையாது. முதல் கிளை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வர வேண்டும். ஒரே உயரத்தில் எதிரெதிராக இரண்டு கிளைகள் கூடாது. பார்ப்பவர் கண்ணைக் குத்துவது போல முன்னால் நீளும் கிளை கூடாது. எல்லாம் மனதில் ஒரு செக்லிஸ்டாக இருந்தது. அந்த விதிகள் பொய்யில்லை. ஆனால் அவற்றைச் சொல்வதில் எனக்கு ஒரு ருசி வந்துவிட்டிருந்தது.

அப்போதுதான் பம்மலிலிருந்து வரும் அக்கா ஒரு காகிதப்பூவைக் கொண்டுவந்தார். மணிக்கட்டை விடத் தடித்த தண்டு. ஒரே உயரத்தில் இடமும் வலமும் இரண்டு கிளைகள்.

"சோளக்கொல்லை பொம்மை கைய நீட்டிட்டு நிக்கிற மாதிரி இருக்குக்கா," என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். "வலது பக்கத்த எடுத்துடுங்க. தண்டோட ஒட்டி."

அக்காவும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஃபிட்டர் சார் அன்று வரவில்லை.

நான்கு மாதம் கழித்து அதே தொட்டியைக் கொண்டுவந்தார். வெட்டிய இடத்திலிருந்து மண் வரைக்கும் ஒரு பட்டையாகத் தோல் காய்ந்திருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போனது. வயதான காகிதப்பூவில் ஒரு பெரிய கிளையை மொத்தமாக எடுத்தால், அதற்குக் கீழே வேர் வரை ஓடும் பகுதியும் சேர்ந்து செத்துப்போகக்கூடும். அதன் கட்டை மென்மையானது, தண்ணீர் பட்டால் சீக்கிரம் அழுகும். அந்த வருட ஐப்பசி மழை மிச்ச வேலையைச் செய்திருந்தது. கிளையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். எனக்கு அது அப்போது தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

"நீங்க சொன்ன மாதிரியேதான் தம்பி வெட்டினேன்."

குரலில் புகாரே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு அவரே சொன்னார். திருவண்ணாமலையில் அவருடைய அம்மா வீட்டு கேட்டை ஒட்டி நின்ற செடி அது. வீட்டை விற்றபோது, இடிப்பதற்கு முந்தின நாள் கடப்பாரை வைத்துத் தோண்டி வேனில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார். வேரோடு எடுக்கும்போது மற்ற கிளைகளையெல்லாம் வெட்ட வேண்டியிருந்தது. "அந்த வலது கை மட்டும்தான் அங்கேர்ந்து வந்தது. மத்ததெல்லாம் இங்க வந்து துளிர்த்தது."

நான் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

ஹிரோஷிமாவைச் சேர்ந்த மசாரு யமாக்கி என்பவர் 1976இல் ஒரு வெள்ளைப் பைன் போன்சாயை அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தார். 1625இலிருந்து தொட்டியில் வளர்ந்த மரம். வாஷிங்டனில் இருக்கும் தேசிய மரப்பூங்காவில் வைத்தார்கள். 25 வருடம் எத்தனை பேர் அதன் முன் நின்று அடியையும் கிளைகளையும் பற்றிப் பேசியிருப்பார்கள்! 2001இல் யமாக்கியின் பேரன்கள் இரண்டு பேர் அதைப் பார்க்க வந்தபோதுதான், 1945இல் அணுகுண்டு விழுந்தபோது அந்த மரம் ஹிரோஷிமாவில் ஒரு சுவருக்குப் பின்னால் நின்று தப்பியது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. மரத்தைப் பார்த்து அதன் வயதை ஓரளவு சொல்லிவிடலாம். எங்கிருந்து வந்தது என்பதை யாராவது கேட்க வேண்டும், யாராவது சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு ஃபிட்டர் சார் எப்படிச் செய்கிறார் என்று கவனிக்க ஆரம்பித்தேன். முதலில் கேள்விதான். எங்கேர்ந்து எடுத்தீங்க, எத்தன வருசம் ஆச்சு, இத என்னவா பாக்கணும்னு ஆச? பிறகு அந்த மரத்தில் நன்றாக இருக்கும் ஒன்றைச் சொல்வார். அது சும்மா மரியாதைக்கு என்று முதலில் நினைத்தேன். இல்லை. "எதத் தொடக் கூடாதுன்னு மொதல்ல முடிவு பண்ணிக்கணும் தம்பி. அப்புறம்தான் எத வெட்றதுன்னு பேச்சு." கடைசியாக, செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அடுத்த மாதம் மறக்காமல் அதைப் பற்றி விசாரிப்பார். என் இத்தியின் வெட்டுக்காயம் மூடுகிறதா என்று பார்க்கத் தன் டிவிஎஸ்ஸில் வேளச்சேரி வரை வந்திருக்கிறார்.

இனிமையாகச் சொல்வதா, கடுமையாகச் சொல்வதா என்பதுதான் பிரச்சினை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "சூப்பர் பாஸ்" என்றவர்களும் நானும் செய்தது ஒரே தப்பு. மறுநாள் காலையில் அந்த மரத்தின் முன்னால் போய் நிற்க வேண்டிய அவசியம் எங்கள் யாருக்கும் இல்லை.

அக்கா அந்த மரத்தைத் தூக்கிப் போடவில்லை. ஃபிட்டர் சார் அழுகலைச் சுரண்டி எடுத்துக் காயவிட்டார். இப்போது வலது பக்கம் ஒரு பொந்து, இடது பக்கம் உயிர். மாதம் ஒருமுறை பம்மலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். முதல் தடவை போனபோது மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க தம்பி, காபி ஆறுது," என்றார். அவர் என்னை மன்னித்தாரா, பேச்சை மாற்றினாரா என்று இன்றுவரை தெரியாது.

போன மாதம் என் இத்தி மீண்டும் மேசைக்குப் போனது. வீக்கம் போய்விட்டது, புதிய நுனி கம்பி சுற்றி நிமிர்ந்திருந்தது. ஓரமாக நின்றேன். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லலாமா தம்பி?"

"சொல்லுங்கக்கா."

"பின்பக்கம் கம்பி தோல இறுக்குது. இன்னிக்கே எடுத்துடுங்க."

நம்மூர் வெயிலில் இத்தி வேகமாகப் பருக்கும். சில வாரம் அசந்தால் கம்பி தோலுக்குள் போய்விடும், தழும்பு மறைய வருடக்கணக்கில் ஆகும். நான் முன்பக்கத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே துண்டு துண்டாக நறுக்கிக் கம்பியை எடுத்தேன். தடம் லேசாகத்தான் பதிந்திருந்தது.

கிளம்பும்போது அக்கா சொன்னார்: "அடுத்த மாசம் கொண்டாங்க, பாக்கறேன்."