சிஸ்டரின் முதல் கிறிஸ்மஸ்

சென்ற கிறிஸ்மஸுக்குச் சில வாரங்கள் முன்பு, வெளிநாட்டிலிருந்து ஒரு சிஸ்டர் நம் மடத்திற்கு வந்தார். கேரல் பாடப் போனபோது வீட்டுக்கு வீடு, "கிறிஸ்மஸ் வால்த்துக்கள்!" என்றார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஒருத்தி வால் ஆட்டுவதுபோல் நடித்தும் காட்டினாள். (யாரென்று எழுத மாட்டோம்!) சிஸ்டர் பார்த்துவிட்டார். அதன்பின் அவர் வாய் திறக்கவில்லை. விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தார். தம் தாயைப் பிரிந்து அவர் கொண்டாடும் முதல் கிறிஸ்மஸ் அது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

விடுமுறையில் மதர் எங்களைக் கோணான்குப்பம் அழைத்துச் சென்றார். விருத்தாசலத்தில் பஸ் மாறினோம். வீரமாமுனிவர் எழுப்பிய ஆலயம் அது. பெரியநாயகி மாதா நம் ஊர்ப் பெண்ணைப் போலவே நிற்கிறாள்! முனிவர் 1680-இல் இத்தாலியில் பிறந்தவர். 1710-இல் இந்தியா வந்தவர், 1747-இல் இறக்கும்வரை ஊர் திரும்பவே இல்லை. சூசையப்பர் வரலாற்றை 3,615 பாக்களில் 'தேம்பாவணி'யாகப் பாடினார். எகர ஏகார வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கியவரும் அவரே. அவரும் முதல் வருடம் 'ழ'வில் தடுக்கி விழுந்திருப்பார்தானே? அன்று யார் சிரித்தார்களோ!

சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம், பேச்சு வரவில்லை. அவரே, "நாக்கை எங்கே வைக்க வேண்டும்?" என்றார். எங்களுக்கே சொல்லத் தெரியவில்லை! ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்துக் கண்டுபிடித்தோம். திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் வாழை, கோழி, மழை என்று ஒரே பாடம்தான்.

மந்தாரக்குப்பத்தில் இறங்கும்போது சிஸ்டர் கண்டக்டரைப் பார்த்து, "வாழ்க!" என்றார். ழகரம் சரியாகவே இருந்தது. கண்டக்டர்தான் விழித்தார்.