எந்த ராஜ்யத்து அட்வகேட் ஜெனரல்?

எங்கள் பாட்டிக்கு "ஜெனரல்" என்றால் பட்டாளத்துத் தளபதி என்றுதான் அர்த்தம். ஆகையால், தாத்தா ஒரு நாள் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது, "சத்திரத்து விஷயமாக அட்வகேட் ஜெனரலுக்கு மனுப் போடப் போகிறேன்" என்று சொன்னதும் பாட்டி திடுக்கிட்டுப் போனாளாம். "தண்ணீர்ப் பந்தல் விவகாரத்துக்குப் பட்டாளம் எதற்குங்க?" என்று கேட்டாளாம். தாத்தா சிரித்துச் சிரித்துப் புரையேறி, சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்ததாகச் சொல்வார்கள்.

தாத்தா திருத்தணியில் பள்ளிக்கூட வாத்தியார். ரயிலடியிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் வழியில் சிறிய சத்திரம் ஒன்று இருந்தது. பிள்ளையில்லாத வியாபாரி ஒருவர் கட்டியது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களுக்கு நீர்மோர், எந்த ஜாதியாராயிருந்தாலும் இரவில் தங்கத் திண்ணை, வருஷம் முழுவதும் வாசலில் தண்ணீர்ப் பானை. இவற்றுக்காகக் கொஞ்சம் நஞ்சை நிலமும் எழுதி வைத்திருந்தார். அவருக்குப் பிறகு நிர்வாகத்துக்கு வந்த தர்மகர்த்தா, நிலத்து நெல்லைத் தம் வீட்டுக் குதிரில் கொட்டிக் கொண்டார். பானை உடைந்தது, வேறு பானை வரவில்லை. திண்ணையில் விறகு அடுக்கினார்கள். சத்திரத்துக் கதவில் பூட்டுத் தொங்கிற்று.

இதைக் கேட்க யாருக்கு உரிமை? இங்கேதான் பாட்டியின் "தளபதி" வருகிறார். பொதுத் தர்மத்தைத் தின்னும் ஒருவர் மேல் நினைத்தவரெல்லாம் வழக்குப் போட்டு விட முடியாது. 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-வது பிரிவு ஒரு வழி வகுத்திருந்தது. அட்வகேட் ஜெனரல் தாமே வழக்குத் தொடுக்கலாம். அல்லது அந்தத் தர்மத்தில் அக்கறை உள்ள இருவர், அவருடைய எழுத்து மூலமான சம்மதத்தைப் பெற்று வழக்குத் தொடுக்கலாம். இல்லாவிட்டால் பங்காளிச் சண்டையையும் வாய்க்கால் தகராறையும் மனத்தில் வைத்துக்கொண்டு, நல்ல தர்மகர்த்தாக்களையும் கோர்ட்டுக்கு இழுத்து அலைய வைக்க ஆட்கள் கிளம்பி விடுவார்கள் அல்லவா? ஆகையால் வாசலில் நின்று, "இது உண்மையான குறையா, வெறும் வம்பா?" என்று பார்த்து உள்ளே அனுப்பும் வேலை அவருடையது.

சர்க்காரின் வக்கீலுக்கு இந்த வேலை எப்படி வந்தது? இங்கிலாந்தில் தர்ம சொத்துகளுக்கெல்லாம் ராஜாவே காவலர் என்பது பழைய கொள்கை. ராஜாவின் சார்பில் அங்குள்ள அட்டர்னி ஜெனரல் வழக்காடுவார். சென்னையில் 1801-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு ஏற்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வழக்குகளை நடத்திய அட்வகேட் ஜெனரலுக்கு, இங்கிலாந்து அட்டர்னி ஜெனரலைப் போலவே வழக்குத் தொடுக்கும் அதிகாரத்தை 1813-ம் வருஷத்துச் சட்டம் கொடுத்தது. வியாபாரம் செய்ய வந்த கம்பெனியின் வக்கீல் நம் தர்மங்களுக்குக் காவலராக ஆன விந்தை இப்படித்தான் நிகழ்ந்தது.

விந்தையானாலும் அதனால் ஒரு பெரிய நன்மை விளைந்ததை மறுப்பதற்கில்லை. பச்சையப்ப முதலியார் 1794-ல் காலமானபோது தம் செல்வத்தைத் தர்மத்துக்கென்று உயில் எழுதி வைத்தார். பல வருஷம் அந்தப் பணம் கைக்குக் கை மாறித் தேய்ந்து கொண்டிருந்தது. அட்வகேட் ஜெனரல் தரப்பில் எடுத்துக் கொண்ட நடவடிக்கைகளால்தான் அது மீட்கப்பட்டது. கோயில் கட்டளைகளுக்கு ஒதுக்கியது போக மிஞ்சியதே நாலு லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. அதைக் கல்விக்குச் செலவிடலாம் என்று ஏற்பாடாகி, 1842-ல் பள்ளிக்கூடம் திறந்தார்கள். இதில் முன்னின்று பாடுபட்டவர் அப்போது அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் என்ற வெள்ளைக்காரர். பச்சையப்பன் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற எத்தனையோ பேர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் நார்ட்டனைப் போன்ற துரைமார்களே வழிவழியாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து கொண்டிருந்தார்கள். நம்மவர்களில் எவ்வளவு மேதாவி வக்கீல் இருந்தாலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. 1897-ம் வருஷத்தில் பாஷ்யம் ஐயங்காரைத் தாற்காலிகமாக நியமித்தார்கள். "தாற்காலிகம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்ட ஞானத்தில் அவருக்கு நிகரானவர் மாகாணத்தில் இல்லை என்பதை வெள்ளைக்கார நீதிபதிகளே ஒப்புக் கொண்டார்கள். நாற்காலியை மட்டும் இரவலாகத்தான் கொடுத்தார்கள்! 1907-ல் சங்கரன் நாயர் நிரந்தரமாகவே அதில் அமர்ந்தார். அவர் 1897-லேயே காங்கிரஸ் மகாசபையில் அக்கிராசனம் வகித்தவர். பின்னால் வைசிராயின் நிர்வாக சபையில் அங்கத்தினராக இருந்து, பஞ்சாப் கொடுமைகளைக் கண்டித்து 1919-ல் வெளியேறியவரும் அவர்தான்.

இந்த வரிசையில் என் தாத்தாவுக்கு மிகவும் பிடித்தவர் எஸ். சீனிவாச ஐயங்கார். பாஷ்யம் ஐயங்காரின் மாப்பிள்ளை. 1916-லிருந்து அட்வகேட் ஜெனரல். எங்கள் ஊர் மலையில் நடந்த ஒரு காரியத்தையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அந்த நாளில் ஜனவரி முதல் தேதி பிறந்தால், நம்மவர்கள் எலுமிச்சம் பழமும் மாலையுமாகத் துரைமார்களின் பங்களா வாசலில் காத்து நிற்பது வழக்கம். வள்ளிமலை சச்சிதானந்த ஸ்வாமிகளுக்கு இது பொறுக்கவில்லை. "துரைகளுக்கெல்லாம் துரை தணிகை மலையில் இருக்கிறார், அவரைப் போய்ப் பாருங்கள்" என்ற கருத்தில், 1917-ம் வருஷம் டிசம்பர் 31 இரவு, படிக்குப் படி திருப்புகழ் பாடிக்கொண்டு மலையேறும் திருவிழாவைத் தொடங்கி வைத்தார். படிகள் 365, வருஷத்துக்கும் அத்தனை நாட்கள்தானே? இன்றைக்கும் அந்த இரவில் மலை முழுவதும் பாட்டொலிதான். அந்தக் கூட்டத்தில் தாத்தா சிறுவனாக நடந்திருக்கிறார்.

அப்போது சென்னையில் சர்க்காரின் தலைமை வக்கீலாக இருந்த ஐயங்காரும், துரைகளின் வாசலை விட்டு விலகும் நாள் வந்தது. 1920-ல் பதவியை ராஜீநாமாச் செய்தார். பிறகு சி.ஐ.இ. பட்டத்தையும் திருப்பிக் கொடுத்தார். ஒத்துழையாமையில் குதித்தார். 1926-ல் கௌஹாத்தி காங்கிரஸுக்கு அக்கிராசனர் ஆனார். அவர் காலி செய்த இடத்தில், ஹோம்ரூல் கிளர்ச்சியில் அன்னி பெஸன்ட் அம்மையாரோடு உழைத்த ஸி.பி. ராமஸ்வாமி ஐயர் வந்து அமர்ந்தார். சர்க்காரை விட்டுத் தேசத்துக்கு ஒருவர் போனார். தேசியக் கிளர்ச்சியை விட்டுச் சர்க்காருக்கு ஒருவர் வந்தார். தாத்தா தம் வகுப்பில் இதைச் சொல்லும்போது முதலாமவர் பெயரை உரக்கவும், இரண்டாமவர் பெயரை மெதுவாகவும் சொல்வாராம்.

நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஏனென்றால் எனக்குப் பிடித்தவர் அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயர். நெல்லூர் ஜில்லாவில் புதூர் என்ற கிராமத்தில் 1883-ல் பிறந்தவர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். வறுமையில் படித்து முன்னுக்கு வந்தார். 1929 முதல் 1944 வரை அட்வகேட் ஜெனரல். அந்தப் பதினைந்து வருஷத்தில் சுப்பராயன் மந்திரிசபை போயிற்று. ஜஸ்டிஸ் கட்சி மந்திரிசபைகள் வந்து போயின. ராஜாஜியின் காங்கிரஸ் மந்திரிசபை வந்து போயிற்று. பிறகு கவர்னரின் நேர் ஆட்சி. மந்திரிகள் மாற மாற, அட்வகேட் ஜெனரல் மட்டும் மாறவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், கேட்பவர் யார் என்று பார்க்காமல் பதில் சொல்லக்கூடியவர் என்று எல்லாக் கட்சியாரும் நம்பியதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்திய அரசியல் சட்டத்தை வகுத்த குழுவிலும் அவர் இருந்தார். அந்தச் சட்டத்தின் 165-வது ஷரத்து ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் ஓர் அட்வகேட் ஜெனரல் இருக்க வேண்டும் என்று விதித்தது. சட்டசபையில் அவர் எழுந்து பேசலாம். வோட்டுப் போட முடியாது.

"ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் ஒருவர்." இந்த வார்த்தைகள்தான் எங்கள் தாத்தாவின் தலையில் வந்து விடிந்தன.

1953-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் சத்திரத்து மனு தயாராயிற்று. இரண்டாவது கையெழுத்துப் போட்டவர் தானிய மண்டி வைத்திருந்த செட்டியார். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோயிலில் இரண்டும். தாத்தாவை "ஐயவாரே" என்று அழைப்பார். தாத்தா தமிழில் கையெழுத்திட, செட்டியார் அதன் கீழே தெலுங்கில் கையெழுத்திட்டார். சித்தூரில் இருந்த வக்கீல் மனுவைப் படித்துப் பார்த்தார். "சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இன்னும் சில நாளில் நீங்கள் சென்னை ராஜ்யத்தில் இருக்க மாட்டீர்களே! சம்மதம் கொடுக்க வேண்டியவர் வேறு ஆள்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்து விட்டார்.

அக்டோபர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் உதயமாயிற்று. 1911 முதல் திருத்தணி சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. ஜில்லாவோடு ஊரும் போயிற்று. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 3-ம் தேதி, அல்லாடி சென்னையில் காலமானார். தெலுங்கராகப் பிறந்து சென்னையில் புகழ் பெற்ற அந்தப் பெரியவர், இரண்டும் வெவ்வேறு ராஜ்யமான பிறகு வாழ்ந்தது அந்த இரண்டே நாள்தான்.

எங்கள் பக்கத்தில் கிளர்ச்சி மூண்டது. ம.பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் எல்லைப் போராட்டத்தை நடத்தினார்கள். மறியல், சிறை, ஊர்வலம். பையன்கள் வாத்தியாரையும் கூட்டத்துக்கு அழைத்தார்கள், வாத்தியாரும் போனார். அந்தச் சமயத்தில்தான் செட்டியார் வீடு தேடி வந்தார்.

"ஐயவாரே, விலாசத்தை மாற்றி வேறு மனு எழுதுங்கள். நான் கையெழுத்துப் போடத் தயார்."

"செட்டியாரே, 'ஆந்திர ராஜ்யத்து அட்வகேட் ஜெனரல் சமூகத்துக்கு' என்று நான் எழுதினால் என்ன அர்த்தம்? திருத்தணி ஆந்திராவில் இருக்கிறது என்று நானே ஒப்புக் கொண்டதாக ஆகாதா? மேடையில் ஒன்று, மனுவில் ஒன்றா?"

"கோடையில் காவடி தூக்கி வருகிறவன் தாகத்துக்குக் கேட்டால், வழக்கு முடியட்டும், அப்புறம் குடி என்றா சொல்வது?"

தாத்தா பதில் சொல்லவில்லையாம். செட்டியார் சற்று நேரம் உட்கார்ந்திருந்து விட்டுப் போய் விட்டார். அதற்குப் பிறகும் இருவரும் சிநேகிதர்களாகவே இருந்தார்கள். சத்திரத்தைப் பற்றி மட்டும் பேசிக் கொள்ளவில்லை.

ஆந்திர ஹைகோர்ட்டு 1954-ல் குண்டூரில் ஏற்பட்டு, 1956-ல் ஹைதராபாத்துக்குப் போயிற்று. படாஸ்கர் எல்லைப் பிரச்னைக்கு மத்தியஸ்தம் செய்தார். 1959-ல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. 1960-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. செங்கல்பட்டு ஜில்லாவின் ஒரு பகுதியாயிற்று. ஊரில் வாணம் விட்டார்கள். மறுநாளே தாத்தா புது மனு எழுத உட்கார்ந்தார். சென்னையில் யார் அட்வகேட் ஜெனரல் என்று விசாரித்தால், 1953-ல் இருந்த அதே வி.கே. திருவேங்கடாச்சாரிதான்! 1951-ல் வந்தவர் 1964 வரை இருந்தார். விலாசத்தில் ஓர் எழுத்துக்கூட மாற்ற வேண்டியதில்லை. ஆனால் இரண்டாவது கையெழுத்துக்கு வேறு ஆளைத் தேட வேண்டியிருந்தது. செட்டியார் 1958-லேயே போய் விட்டார்.

சம்மதம் வந்தது. வழக்கும் நடந்து, ராஜியில் முடிந்தது. தர்மகர்த்தா விலகினார். ஆனால் அந்த ஏழு வருஷத்துக்குள் நஞ்சையில் பாதி கைமாறி விட்டது. சத்திரத்தின் முன் பக்கம் இடிந்து, கிணறு தூர்ந்து போயிருந்தது. 1953-லேயே வழக்குப் போட்டிருந்தால் எல்லாம் மிஞ்சியிருக்கும் என்பதை அறிந்தும் தாத்தா எங்களிடம் சொன்னதில்லை. பாட்டிதான் சொல்வாள்: "அவர் எழுதாத காகிதத்தில் ஒரு கிணறு தூர்ந்தது."

தாத்தா செய்தது சரிதானா? பதவியைத் துறந்த ஐயங்காரைப் பூஜித்தவருக்கு வேறு விதமாக நடக்கத் தெரியவில்லை. ஆனால் ஐயங்கார் விட்டுக் கொடுத்தது தமக்குச் சொந்தமானதை; தாத்தா விட்டுக் கொடுத்ததோ காவடிக்காரர்களின் தண்ணீரை. இந்த வித்தியாசத்தை அவரிடம் சொல்லும் வயது அப்போது எனக்கில்லை. வயது வந்தபோது அவர் இல்லை.

இனி அந்த மாதிரி மனுவை யாரும் எழுத வேண்டியதில்லை. 1976-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம் 92-வது பிரிவை மாற்றி, அட்வகேட் ஜெனரலின் சம்மதத்துக்குப் பதிலாகக் கோர்ட்டின் அனுமதியே போதும் என்று ஆக்கி விட்டது. ஹிந்து சமய ஸ்தாபனங்களோ அதற்கு முன்பே அறநிலையச் சட்டத்தின் கீழ்ப் போய் விட்டன. அட்வகேட் ஜெனரலுக்கு இப்போது வேறு பெரிய காரியங்கள் எவ்வளவோ. ராஜ்யங்களுக்குள் நதிநீர் வழக்கு வந்தால் சர்க்காரின் கட்சியை எடுத்துச் சொல்ல அவரும் கோர்ட்டில் நிற்கிறார். திண்ணையில் ஒரு பானைத் தண்ணீருக்காக அவர் வாசலில் யாரும் போய் நிற்பதில்லை.

1953-ம் வருஷத்து மனு எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. மடித்த இடங்களில் கிழிந்து விட்டது. "சென்னை ராஜ்யத்து அட்வகேட் ஜெனரல் சமூகத்துக்கு" என்று ஆரம்பிக்கிறது. அடியில் தாத்தாவின் தமிழ்க் கையெழுத்து. அதன் கீழே, வண்டிச் சக்கரங்களைப் போல உருண்டை உருண்டையாக, செட்டியாருடைய தெலுங்குக் கையெழுத்து. சத்திரத்தின் பின் பக்கம் மிஞ்சியிருக்கிறது. ஆடிக் கிருத்திகையன்று அதன் வாசலில் நீர்மோர் கொடுக்கிறோம். கிணறு இல்லாததால் தண்ணீரை வண்டியில் கொண்டு வருகிறோம்.