யாரைச் சுட?

எல்கடுவப் பக்கம் "துவக்கு" என்று சொன்னாலே பெரியவங்க முகம் மாறும். அதுக்குக் காரணம் இருக்கு. 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன், 1977இல் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன். ஒருத்தர் சம்பளப் போராட்டத்தில், மற்றவர் காணிப் போராட்டத்தில், இருவருமே பொலிஸ் சூட்டில் உயிரிழந்தவர்கள். மலையகத்தில் துவக்கு எப்பவும் எங்களுக்கு எதிர்ப்பக்கம்தான் நின்றது.

அதனால, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீற்றர் எயார் பிஸ்டலில் வெண்கலம் வென்றதைப் பார்த்துட்டு "நாமளும் பழகினா என்ன?" என்று நாங்க கேட்டப்போ, வீட்டில வந்த முதல் கேள்வி: "யாரைச் சுட?"

யாரையும் இல்ல. 10 மீற்றர் தூரத்தில் இருக்கிற 11.5 மில்லிமீற்றர் வட்டத்தை. பத்துப் புள்ளி வளையத்தின் அளவு அவ்வளவுதான்.

சரி, எதில் பழகுவது? .22 பிஸ்டல் சிறியதுதான், ஆனா வெடிமருந்தால் சுடும் அசல் துவக்கு. 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேணும், அதை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். தோட்டாச் செலவு வேற. எயார் பிஸ்டலில் வெடிமருந்தே இல்லை. அடைத்த காற்று 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டைத் தள்ளுது. எதுவானாலும் சட்டம் என்ன சொல்லுது என்று கேட்டுட்டுத்தான் கை வைக்கணும்.

எயார் பிஸ்டலிலும் வகை உண்டு. ஸ்பிரிங் வகை சுடும்போது கையை உலுக்கும். சிலிண்டர் வகை சுகமானது, ஆனா காற்று நிரப்ப ஓர் இடம் வேணும். ஒவ்வொரு சூட்டுக்கும் கையாலேயே நெம்பிக் காற்றை அடைக்கிற வகைதான் எங்க மாதிரி ஊருக்குத் தோது. வேகம் குறைவு, மேலதிகச் செலவு இல்லை. குண்டு போடாமலே விசையை மட்டும் இழுத்துப் பழகும் வசதி இருக்கா என்றும் பாக்கணும். பாதிப் பயிற்சி அதில்தான், அதுக்குச் சல்லிக்காசு செலவில்லை. போட்டியில் 60 சூடு. 500 குண்டு உள்ள ஒரு டின், எட்டுப் போட்டிக்குக் காணும்.

ஆக, பழகுறது மலிவு. பிஸ்டல் மலிவில்லை. 2024 செப்டெம்பரில்தான் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. போட்டித் தரப் பிஸ்டல் ஒரு மாதச் சம்பளத்தில் வாங்குற சாமானில்லை.

வாங்க முடிஞ்சாலும், சின்னப் பிள்ளைகள் புழங்குற லயத்துக் காம்பராவில் அதை வைக்கிறதில் எங்களுக்கு உடன்பாடில்லை. பூட்டிய அலமாரி, கையெழுத்துப் புத்தகம், ஒரு பயிற்றுநர், பத்துப் பேருக்கு ஒரு பிஸ்டல்: இப்படி ஒரு கழகமா இருந்தா நாங்க தயார். வாலிபால் நெட் மாதிரி அதுவும் எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும். அப்போ பெரியவங்களும் வந்து, அது எந்தப் பக்கம் நீட்டியிருக்கு என்று கண்ணால பாக்கலாம்.