பூட்டிய ஏடு

"என்னைப் பெற்றவள் யார்?" இந்த எளிய கேள்விக்கு விடை கூற ஓர் அரசு எழுபது ஆண்டுகள் மறுத்தது. நம்புவீர்களா, தோழர்களே!

அயர்லாந்திலே, கார்க் நகரையடுத்த பெஸ்பரோ மாளிகையில், 1922 முதல் 1998 வரை கன்னிகாஸ்திரீகள் ஓர் இல்லம் நடத்தினர். மகப்பேற்று மருத்துவமனையும் அதனுள் இருந்தது. மணமாகாமல் கருவுற்ற மங்கையர் அங்கே ஒளிக்கப்பட்டனர். அவர்தம் சொந்தப் பெயரை விலக்கி, வேறொரு பெயர் சூட்டினர். மகவுகள் பல தத்துக்குப் போயின. தந்தையை யார் தேடினார்? பழி பெண்ணுக்கு மட்டுந்தானே!

1952-ஆம் ஆண்டுத் தத்துச் சட்டத்தின் தந்திரத்தைத்தான் நான் பெரிதும் வியக்கிறேன். பிறப்புப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். தத்துப் பதிவேட்டையும் பார்க்கலாம். இரண்டையும் இணைக்கும் குறிப்பேடு மட்டும் பூட்டப்பட்டது! ஆகவே, தாயைத் தேடியோர், தாம் பிறந்த நாளுக்குரிய பதிவுகளில், தந்தை பெயரற்ற வரிகளை ஒவ்வொன்றாக அலசினர். சிலருக்கு அதுவும் பயனில்லை. வளர்த்தோரையே பெற்றோரெனப் பொய்யாகப் பதிந்திருந்தனர்.

2022-இல் புதுச்சட்டம் பூட்டைத் திறந்தது. அப்போதும், தொடர்பு வேண்டாமெனத் தாய் தெரிவித்திருப்பின், அவள் விருப்பை மதிக்கும் முறைபற்றி விளக்கம் கேட்ட பின்னரே சான்றிதழ்! நரை கண்ட பிள்ளைகளுக்குப் பாடம்!

அந்த இல்லத்துக் குழந்தைகளுள் மாண்டோர் 900-க்கும் மேல். விசாரணை ஆணையத்தால் 64 பேரின் அடக்கவிடத்தையே அறிய முடிந்தது. இறப்பை ஏட்டில் எழுதிய மடத்தாருக்கு, புதைத்த இடத்தை எழுத மட்டும் நேரம் வாய்க்கவில்லை போலும்!