சைக்கிள் எந்தப் பக்கம் பார்த்து நின்றது?

பிரதிவாதி தரப்பு தாக்கல் செய்த கவுன்டரின் மூன்றாம் பத்தி, கதையைப் பறிகொடுத்ததாகச் சொல்லி வந்த என் கட்சிக்காரரையே திருடர் ஆக்கியிருந்தது. ஒரு சாவு, நாலு சாட்சி, நாலு விதமான கதை. இது குரோசாவாவின் 'ராஷோமோன்' என்று உலகத்துக்கே தெரியும்; வாதியே அங்கிருந்து எடுத்துவிட்டு எங்கள் மேல் வழக்குப் போடுகிறார் என்பது அதன் சாரம். படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எதிர்த்தரப்பு சீனியர் எந்த வழியில் வரப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. அந்த வழியில் அவருக்கு எதுவும் கிடைக்காதபடி பிராதை எழுதியிருந்தோம்.

சமரச மையத்தில் முடிந்த வழக்கு இது. ரகசியம் காக்கும் ஷரத்து இருப்பதால் பெயர்கள் இல்லை. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

கட்சிக்காரர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். அலுவலக நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சபாக்களில் நாடகம் போட்டவர். அவருடைய நாடகம் ஒன்றில், ஊருக்கு வெளியே உள்ள கிணற்றில் ஒருவர் பிணமாகக் கிடக்கிறார். நாலு பேர் இன்ஸ்பெக்டரிடம் வாக்குமூலம் தருகிறார்கள். நாலு பேருமே அன்றிரவு கிணற்றடியில் அவருடைய சைக்கிளைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். ஒருவர் கணக்கில் அது ஊரைப் பார்த்து நிற்கிறது. இன்னொருவர் கணக்கில் ரோட்டைப் பார்த்து. மூன்றாமவர் சொல்வதில் சுவரில் சாய்ந்து. நாலாமவர் சொல்வதில் தரையில் விழுந்து. சைக்கிள் நின்ற விதத்தை வைத்து இன்ஸ்பெக்டர் தற்கொலையா, கொலையா, தவறி விழுந்ததா என்று யோசிக்கிறார். கடைசிக் காட்சியில் இறந்தவரின் கணக்கு நோட்டிலிருந்து ஓர் அடகு ரசீது விழுகிறது. சாவதற்கு மூன்று நாள் முன்பே சைக்கிள் அடகுக் கடைக்குப் போய்விட்டது. அன்றிரவு கிணற்றடியில் சைக்கிளே இல்லை.

சில வருடம் கழித்து வந்த படத்தில் கிணறு கல்குவாரி ஆகியிருந்தது, சைக்கிள் மொபெட் ஆகியிருந்தது. ரசீது அப்படியே இருந்தது. இடையில் அந்தத் தயாரிப்பு அலுவலகத்துக்கு நாடகப் பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பியதற்கு ஒப்புகை அட்டையும் கட்சிக்காரரிடம் இருந்தது. படம் ஏற்கெனவே தியேட்டருக்கு வந்துவிட்டதால் அதை நிறுத்தச் சொல்லிப் பயனில்லை. வேற்றுமொழி ரீமேக் உரிமையை விற்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதற்குத் தடையும், நஷ்டஈடும், டைட்டிலில் பெயரும் கேட்டுத்தான் வழக்கு.

முதல் சந்திப்பில் அவர் சைக்கிளைப் பற்றி அதிகம் பேசவில்லை. "ஒரே சம்பவத்தை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்ற டெக்னிக்கைச் சபா மேடையில முதல்ல போட்டது நான்தான் சார். அதைத்தான் எடுத்துட்டாங்க" என்றார். பிராதின் முதல் வரியே அதுவாக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

அப்படி எழுதியிருந்தால் முதல் வாய்தாவிலேயே வழக்கு படுத்திருக்கும். 'ராஷோமோன்' 1950-இல் வந்தது. 1951-இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது. 1954-இல் வீணை எஸ். பாலசந்தர் ஏவிஎம்முக்காக 'அந்த நாள்' எடுத்துவிட்டார். பாட்டே இல்லாத அந்தப் படத்தில் ரேடியோ எஞ்சினியரான சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் சாகிறார்; விசாரணையில் ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். 2004-இல் 'விருமாண்டி' ஒரே சம்பவங்களை இரண்டு கைதிகளின் வாயால் இரண்டு விதமாகச் சொன்னது. முதலில் போட்டது நான் என்று எழுதினால், எதிர்த்தரப்பு இந்தப் பட்டியலை நீட்டிவிட்டு உட்கார்ந்துவிடும்.

முன்னுதாரணங்களும் அந்தப் பக்கமே. இந்தியாவில் கதைத் திருட்டு வழக்கு எதுவானாலும் முதலில் எடுத்து வைக்கப்படுவது ஆர்.ஜி. ஆனந்த் வழக்கு. ஆனந்த் தொழிலால் கட்டடக் கலைஞர், நாடகம் எழுதியவர். அவருடைய 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தைத் திருடி 1956-இல் 'நியூ டெல்லி' படம் எடுத்தார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. டெல்லியில் வாழும் பஞ்சாபிக் குடும்பமும் மதராஸிக் குடும்பமும், குறுக்கே ஒரு காதலும் இரண்டிலும் உண்டு. 1978-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கருத்து, கருப்பொருள், கதைக்கரு இவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது. சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. இரண்டையும் பார்த்த ஒருவருக்குச் சந்தேகமே இல்லாமல் இது அதன் நகல் என்று தோன்ற வேண்டும். மாகாணப் பிடிவாதம் என்ற கரு ஒன்றேதான், ஆனால் படம் வரதட்சணை உட்பட வேறு பலவற்றையும் சேர்த்து வேறு ஒன்றாகிவிட்டது என்று நீதிபதி ஃபசல் அலி எழுதினார்.

எங்கள் வழக்குக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் அமெரிக்காவில் கிடைத்தது. ஒரே நாள் திரும்பத் திரும்ப விடிகிற கதை என்றாலே அங்கே எல்லோருக்கும் 1993-இல் வந்த 'கிரவுண்ட்ஹாக் டே'தான் ஞாபகம் வரும். லியான் ஆர்டன் என்ற எழுத்தாளர் 1981-லேயே அப்படி ஒரு நாவல் வெளியிட்டிருந்தார். கொலம்பியா பிக்சர்ஸ் மேல் வழக்குப் போட்டார். ஒரே நாளில் மாட்டிக்கொள்ளும் மனிதன் என்பது கருத்து, அது யாருக்கும் சொந்தமில்லை என்று 1995-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. நாவல் இருண்டது, படமோ காதல் நகைச்சுவை; உத்தியைக் கழித்தால் இரண்டுக்கும் பொதுவாகப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. ஆர்டன் பன்னிரண்டு வருடம் முந்தியவர். முந்தியது அவருக்கு உதவவில்லை.

இங்கேயும் பார்த்தோமே. 2021 நவம்பரில் சில நாள் இடைவெளியில் 'ஜாங்கோ'வும் 'மாநாடு'ம் தியேட்டருக்கு வந்தன. இரண்டிலும் நேரம் சுழல்கிறது. ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எடுத்திருக்க நாள் கணக்கே இடம் தராது.

ஆனாலும் சாட்சிக்கு ஒரு கதை சொல்லும் உத்தி ராஷோமோனோடு ஒட்டிக்கொண்ட அளவுக்கு வேறு எந்த உத்தியும் ஒரு படத்தோடு ஒட்டிக்கொண்டதில்லை. முரண்பட்ட சாட்சியத்துக்கே 'ராஷோமோன் விளைவு' என்று பெயர் விழுந்துவிட்டது. வக்கீலாக எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். அந்த உத்தி சினிமாவில் பிறந்ததே இல்லை. எங்கள் கோர்ட்டு வளாகத்திலிருந்து போனது. 1859-இல் 'தி வுமன் இன் ஒயிட்' தொடர்கதையைத் தொடங்கிய வில்கி காலின்ஸ் வக்கீலுக்குப் படித்துப் பதிவும் செய்தவர். கோர்ட்டில் பல சாட்சிகள் பேசுவதுபோல இந்தக் கதையையும் பலர் சொல்வார்கள் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டுத்தான் எழுதினார். கவிஞர் ராபர்ட் பிரௌனிங் ஃபிளாரன்ஸ் சந்தையில் பழைய வழக்குக் கட்டு ஒன்றை வாங்கினார். 1698-இல் ரோமில் நடந்த கொலை வழக்கின் காகிதங்கள். அந்த ஒரு கொலையைப் பல குரல்களில் சொல்லும் நெடுங்கவிதையாக அதை 1868-69-இல் வெளியிட்டார். ஜப்பானிய எழுத்தாளர் அகுதகாவா 1922-இல் எழுதிய 'தோப்புக்குள்' சிறுகதை முழுவதும் ஏழு வாக்குமூலங்கள்தான். செத்தவன்கூட ஆவி வாயிலாக வந்து சாட்சி சொல்கிறான். குரோசாவா எடுத்துக்கொண்டது இந்தக் கதையை. அதே ஆசிரியரின் வேறொரு கதையிலிருந்து பெயரும் பாழடைந்த வாயிலும் வந்தன.

அப்படியென்றால் குரோசாவாவுக்கும் அவருடைய திரைக்கதைக் கூட்டாளி ஹாஷிமோட்டோவுக்கும் சொந்தமானது எது? கேள்வி கேட்கும் நீதிபதியைக் கடைசிவரை காட்டாமல், சாட்சிகளைக் கேமராவைப் பார்த்துப் பேசவைத்து, நம்மையே நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்தது. காணாமல் போன குத்துவாளை வைத்து விறகுவெட்டியின் பொய்யை வெளியே கொண்டுவந்தது. கொட்டும் மழையில் வாயிலடியில் ஒரு கைக்குழந்தையை அழவிட்டது. அகுதகாவா கதையில் குழந்தை கிடையாது. இவற்றில் ஒன்றைக்கூடப் பாலசந்தர் தொடவில்லை. அவர் எடுத்துக்கொண்டது சட்டகத்தை; உள்ளே வைத்தது யுத்தகாலச் சென்னையையும், ஜப்பானுக்கு ரகசியம் விற்கும் புருஷனையும்.

இதையெல்லாம் கட்சிக்காரரிடம் விளக்கி, "கொடிக்கயிறு யாருதுன்னு நாம சண்டை போடவேண்டாம் சார். அதுல காயுற வேட்டி உங்களுதுன்னு காட்டுவோம்" என்றேன். அவருக்கு முகம் வாடிப்போனது. கொஞ்சநேரம் கழித்து, "அந்த நாள்ல ஆளாளுக்கு இன்னொருத்தர் மேல சந்தேகத்தைத் தள்ளுறாங்க. ராஷோமோன்ல எல்லாரும் தன் கௌரவத்துக்காகப் பொய் சொல்றாங்க. என் நாடகத்துல யாருமே பொய் சொல்லல சார். தினமும் பார்த்த சைக்கிள், அன்னைக்கும் பார்த்ததாவே நம்புறாங்க" என்றார்.

வழக்கு எங்கே இருக்கிறது என்பதை அவரே காட்டிவிட்டார். ஆனால் அந்த வாக்கியமும் அப்படியே சட்டத்தில் நிற்காது. பழக்கம் கண்ணை ஏமாற்றும் என்பதும் ஒரு கருத்துதான். குறுக்கு விசாரணை செய்த எந்த வக்கீலுக்கும் அது பழைய செய்தி. அந்தக் கருத்து எந்தெந்தக் காட்சியாக உருவெடுத்தது என்று இறங்கி இறங்கிப் போனால்தான் உரிமை தொடங்கும் இடம் வரும். ஒரு தாளில் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்தோம். இடப்பக்கம் நாங்கள் கேட்காதவை: ஒவ்வொருவராக வாக்குமூலம், அதே இரவு மறுபடி மறுபடி வருவது, விசாரிக்கும் அதிகாரி, கடைசியில் உண்மை. இந்த வகைக் கதையை யார் எழுதினாலும் இவை வந்தே தீரும். வலப்பக்கம் கேட்பவை: இல்லாத வண்டி, அது நின்றதாகச் சொல்லப்படும் நாலு விதம், அதே வரிசையில், வண்டியின் திசையிலிருந்து அதிகாரி சாவின் காரணத்தை ஊகிப்பது, சாட்சிகளைக் கூட்டி ஒவ்வொருவரையும் அவரவர் பார்த்த இடத்தில் ஒரு வண்டியை நிறுத்தச் சொல்லும் காட்சி, கணக்கு நோட்டு, அடகு ரசீது. இந்த இரண்டு பட்டியலையும் பிராதிலேயே சேர்த்தோம். பல பார்வைக் கதை உத்தியில் வாதி எந்த உரிமையும் கோரவில்லை என்று தனிப்பத்தி வேறு. கையெழுத்துப் போடும்போது அந்தப் பத்தியில் கட்சிக்காரரின் பேனா கொஞ்சம் நின்றது.

விசாரணை நாளில் எதிர்த்தரப்பு சீனியர் அருமையாகப் பேசினார். காலின்ஸைத் தவிர மேலே நான் சொன்ன எல்லோரையும் வரிசையாகக் கொண்டுவந்தார். ஹாலிவுட் 1964-இல் பால் நியூமனை வைத்து எடுத்த 'தி அவுட்ரேஜ்' வரை போனார். ராஷோமோன் உலகத்தின் பொதுச்சொத்தாகிவிட்டது, அதில் ஒரு கைப்பிடி அள்ளியவர் இன்னொருவர் அள்ளுவதைத் தடுக்க முடியாது என்று முடித்தார். நீதிபதி எங்கள் பிராதின் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார்: "ராஷோமோனில் மொபெட் எந்த இடத்தில் வருகிறது?"

கோர்ட்டு சிரித்தது. சீனியர் சளைக்கவில்லை. அடகு வைப்பது தமிழ்நாட்டில் அன்றாட நடப்பு, ரசீதுக்கு யார் உரிமை கொண்டாட முடியும் என்றார். நல்ல வாதம்தான். தனித்தனியாக எடுத்தால் எங்கள் பட்டியலில் இருந்த ஒவ்வொன்றும் சாதாரணப் பொருள். ஆறும் சேர்ந்து, அதே வரிசையில், அதே வேலையைச் செய்வது தற்செயலா என்பதுதான் கேள்வி என்று பதில் சொன்னேன். பிரதி அவர்கள் கைக்குப் போனதற்கான ஒப்புகை அட்டையையும் காட்டினேன். கவுன்டரில் அதற்கு மறுப்பு இருந்தது, விளக்கம் இல்லை.

நீதிபதி முழுத் தடை கொடுக்கவில்லை. நீதிமன்ற அனுமதியில்லாமல் ரீமேக் உரிமையை விற்கக்கூடாது, வசூல் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டு, இரு தரப்பையும் சமரசத்துக்கு அனுப்பினார். அங்கே சில அமர்வுகளில் முடிந்தது. கட்சிக்காரருக்கு ஒரு தொகையும், ரீமேக்கில் மூலக்கதை என்று பெயரும் கிடைத்தன. வழக்கு முழு விசாரணைக்குப் போயிருந்தால் ஜெயித்திருப்போமா என்று கேட்டால், ஆர்.ஜி. ஆனந்த் தீர்ப்பைப் படித்த எந்த வக்கீலும் சத்தியம் செய்து தரமாட்டார்.

ஒரு உத்தி ஒரே படத்தின் பெயரால் அறியப்படும்போது இரண்டு பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்பது இந்த வழக்கில் எனக்குத் தெளிவானது. அந்த உத்தியைக் கையில் எடுத்துத் தன் சரக்கைச் சொந்தமாகச் செய்தவரை உலகம் நகல்காரர் என்கிறது. அவருடைய சரக்கை உண்மையிலேயே எடுத்துக்கொண்டவரோ, ராஷோமோனிலிருந்துதான் எடுத்தேன் என்று பெரிய பெயருக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார். புகழ்பெற்ற படைப்பைப் போல வசதியான மறைவிடம் வேறு இல்லை. எங்கள் வழக்கில் வாதியும் பிரதிவாதியும் பார்த்துக்கொண்டிருந்தது ராஷோமோனைத்தான்: ஒருவர் ஆசையோடு, மற்றவர் தந்திரத்தோடு.

இப்போதெல்லாம் கதை பறிபோனது என்று வரும் இளம் எழுத்தாளர்களிடம் முதலில் ஒன்று செய்யச் சொல்கிறேன். உங்கள் கதையை எனக்குச் சொல்லுங்கள். ஆனால் எந்தப் படத்தின் பெயரும் வரக்கூடாது, எந்த உத்தியின் பெயரும் வரக்கூடாது. யார், எங்கே, என்ன பொருள், அது எப்போது யார் கையில் என்று மட்டும் சொல்லுங்கள். சிலர் இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுவார்கள். அவர்களை வழக்குச் செலவு செய்யாமல் அனுப்பிவிடுவேன். அடகு ரசீது வரைக்கும் போகிறவர்களிடம்தான் வக்காலத்தில் கையெழுத்து வாங்குவேன்.